கன்று நட்ட வருடமும் பேங்க் வந்த வருடமும்

மலாக்கா வணிகர் ஆண்டு மலர் ஒன்றில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மலாக்காவின் ரெம்பியா ஊரில் அதைப் படித்தவர்களில் பாதிப்பேர் தலையாட்டுகிறார்கள், மீதிப்பேர் பல்லைக் கடிக்கிறார்கள். நான் இரண்டாவது வகை.

அவர் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன். வெள்ளைக்கார அரசு பட்டயமும் பணமும் கொடுத்து வளர்த்த பேங்குகள் இல்லாதிருந்தால், வங்காள விரிகுடாவின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடுவே வியாபாரமே தலையெடுத்திருக்காதாம். மலாக்காவின் ரப்பர் அந்தப் பணத்தில் முளைத்ததாம். செட்டியார்கள் வெறும் வட்டிக்காரர்கள், பேங்க் வந்ததும் இடம் தெரியாமல் ஒழிந்தார்களாம். தோட்டத்துத் தமிழன் சாப்பிட்ட சோறும் பேங்க் போட்ட சோறாம். ஆகவே இன்றைய அரசும் அதே அச்சில், ஊக்கத்தொகை கொடுத்து, இந்திய வணிகர்களுக்கு ஒரு பேங்க் நடத்த வேண்டுமாம்.

எழுத்து நன்றாக இருக்கிறது. படங்கள் அதைவிட நன்றாக இருக்கின்றன. தூண் வைத்த பழைய பேங்க் கட்டடங்களை அழகாகப் பிடித்துப் போட்டிருக்கிறார். சிக்கல் தேதிகளில்தான்.

மலாக்காவில் ரப்பரை முதன்முதலில் தோட்டமாகப் போட்டவர் டான் சாய் யான். மரவள்ளிப் பண்ணை வைத்திருந்த, மலாக்காவில் வேரூன்றிய பாபா சீனக் குடும்பத்துக்காரர். சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ரிட்லி ஒவ்வொரு துரையிடமும் போய் ரப்பர் கன்று நடுங்கள் என்று மன்றாடி, கேலிக்கு ஆளாகிக்கொண்டிருந்த காலம். மலாக்காவில் அதைக் காதில் வாங்கியவர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கர் சொச்சத்தில் நட்டார். இரண்டு வருடம் கழித்து, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் இறங்கினார். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1905 டிசம்பரில். ஹாங்காங் ஷாங்காய் பேங்க் மலாக்காவில் கிளை திறந்தது 1909இல். சார்ட்டர்ட் பேங்கும் அதையொட்டித்தான் வந்தது.

முதலில் கன்று, பிறகு தண்டவாளம், அதற்கும் பிறகு பேங்க். முதல் கன்றுக்கும் முதல் பேங்க் கிளைக்கும் நடுவே பதின்மூன்று வருடம் கிடக்கிறது. அந்தப் பதின்மூன்று வருடத்தில் மரம் வளர்ந்து, பால் வெட்டி, லண்டன் கம்பெனிகள் வந்து மோப்பம் பிடித்து, தோட்டம் கைமாறி, பங்குச் சந்தையில் ரப்பர் பைத்தியம் பிடித்து ஆட்டத் தொடங்கியிருந்தது. விளைந்த பிறகு வந்தவனை விதைத்தவன் என்று எழுதுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அது நம் கட்டுரையாளருக்கு நிறையவே இருக்கிறது.

மலாக்காவில் கிளை இல்லாவிட்டால் என்ன, சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்ததே என்பார். இருந்தது. ஓரியண்டல் பேங்க் 1840களிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. மெர்க்கண்டைல் பேங்க் 1850களில். சார்ட்டர்ட் பேங்க் 1859இல். மலாக்காக்காரர்கள் அங்கே போய்க் கடன் வாங்கியிருக்கலாம் என்று வாதாடலாம். வாதாடுகிறவர் மரவள்ளிக்கும் ரப்பருக்கும் அந்த பேங்குகள் அப்போது கடன் கொடுத்த ஒரு கணக்கையாவது காட்ட வேண்டும். ஏழு வருடம் காத்திருந்தால்தான் பால் வடிக்கும் மரத்தை நம்பிப் பணம் போடுகிற பழக்கம் அந்த பேங்குகளுக்கு இல்லை. அவர்கள் தொழில் வேறு: கப்பலில் ஏறிவிட்ட சரக்கின் பில்லை வாங்குவது, அதை லண்டனில் காசாக்குவது.

இனி "அரசு பணம் கொடுத்து வளர்த்த பேங்க்" என்கிற சங்கதிக்கு வருவோம். கட்டுரையின் முதுகெலும்பு இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தமிழர் சம்பந்தப்பட்ட மட்டில், அரசு நேரடியாகப் பணம் போட்ட பேங்க் என்றால் அது மெட்ராஸ் பேங்க். 1843 ஜூலையில் தொடங்கியது. மூலதனம் முப்பது லட்சம் ரூபாய், அதில் மூன்று லட்சம் அரசுடையது. நோட்டு அச்சிடும் உரிமையும் இருந்தது. 1861ஆம் வருடச் சட்டம் அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டபோது, ஈடாக அரசுக் கஜானாப் பணத்தை வட்டியில்லாமல் வைத்துப் புரட்டிக்கொள்ள விட்டார்கள். ஊர்ப்பணம் சும்மா கையில் இருக்கும், வட்டி கொடுக்க வேண்டாம். மானியம் என்றால் இதைவிட நல்ல மானியம் வேண்டுமா?

இப்படி ஊட்டி வளர்த்த பேங்க், கடல் தாண்டிய வியாபாரத்துக்கு என்ன செய்தது? செய்யக்கூடாது என்று சட்டமே தடுத்தது. 1876ஆம் வருட மாகாண பேங்க் சட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். அந்நியச் செலாவணியில் கைவைக்கக் கூடாது. வெளிநாட்டில் கடன் எடுக்கக் கூடாது. சில மாதத் தவணைக்கு மேல் கடன் கூடாது. நிலத்தின் பேரில் கடன் கூடாது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர் கையெழுத்து இல்லாத நோட்டை ஏற்கக் கூடாது. கொழும்பில் மட்டும் மெட்ராஸ் பேங்குக்கு ஒரு கிளை இருந்தது. பினாங்கிலும் மலாக்காவிலும் ஒன்றும் கிடையாது. 1921இல் மூன்று மாகாண பேங்குகளையும் சேர்த்து இம்பீரியல் பேங்க் ஆக்கியபோதும் அந்நியச் செலாவணித் தடை அப்படியே தொடர்ந்தது. ரிசர்வ் பேங்க் பிறக்கும்வரை அது தளரவில்லை.

ஏன் இந்தத் தடை? லண்டனில் தலைமையகம் வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் பேங்குகளின் வயிற்றில் யாரும் அடித்துவிடக் கூடாது என்பதற்காக. அரசு மானியம் வாங்கிய பேங்க் பிராந்திய வியாபாரத்தை வளர்த்தது என்று பக்கம் பக்கமாக எழுதியவர், அந்த பேங்க் பிராந்திய வியாபாரத்தின் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது என்று அதே அரசு சட்டம் போட்டதை எங்கேயும் சொல்லவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்து விட்டாரா என்று நான் கேட்கப் போவதில்லை. வங்கியில் வேலை பார்த்தவர் பேங்க் சட்டம் படித்திருப்பார் என்று நம்பும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்படியானால் நாகப்பட்டினத்துக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் நடுவே பணத்தை நகர்த்தியது யார்? கட்டுரையாளர் ஒரே பத்தியில் பெருக்கித் தள்ளிவிட்டுப் போன அந்த வட்டிக்காரர்கள்தான்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நீரிணைப் பட்டணங்களுக்கு 1820களிலேயே வந்துவிட்டார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியது 1859இல். சார்ட்டர்ட் பேங்க் அங்கே கடை திறந்த அதே வருடம். பேங்க் கவுண்டர் திறந்தபோது மார்க்கெட் தெருவில் கிட்டங்கி என்கிற செட்டியார் கடன் கடைகளில் ஒரு தலைமுறைப் பேரேடு அடுக்கிக் கிடந்தது. மலாக்காவிலும் அவர்கள் காலூன்றியிருந்தார்கள். மாசி மகத்துக்கு செங் சந்நியாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகிறவர்கள், அந்தத் திருவிழாவை நடத்துகிறவர்கள் யார் என்று பார்த்துவிட்டு வரலாம்.

கிட்டங்கி நடந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டுரையாளருக்கு அது வெறும் கந்துவட்டிக் கடையாகத் தெரிகிறது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மூன்று வருட ஒப்பந்தத்தில் மேலாள் ஒருவர் கப்பலேறி வருவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையனாக வந்து மேலாளாகி, சொந்தக் கடை வைத்தவர்கள் உண்டு. மூலதனம் எங்கிருந்து? முதலாளி போட்டது பாதி. மீதி, உறவினர்கள் போட்டது, பங்காளிகள் போட்டது, பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம். எல்லாவற்றுக்கும் வட்டி உண்டு, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அன்றைய வட்டி இவ்வளவு என்று கோயிலில் கூடித் தீர்மானிப்பார்கள். அதுதான் நடப்பு வட்டி. அடுத்த தெருக்காரன் ஏமாற்ற முடியாது, ஏமாற்றினால் கோயிலில் முகம் காட்ட முடியாது. மலாக்காவில் பணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கினால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அதைக் காசாக்கலாம். உண்டியல் என்கிற அந்தத் துண்டுக் காகிதத்துக்கு எந்த அரசும் ஜாமீன் நிற்கவில்லை. நடுக்கடலைத் தாண்டிச் செல்லுபடியானது.

1929–30இல் மெட்ராஸ் மாகாண பேங்க் விசாரணைக் குழு இந்த வலையின் அளவை மதிப்பிட்டது. பர்மாவில் எழுபத்தைந்து கோடி ரூபாய். மலாயாவில் இருபத்தைந்து கோடி. இலங்கையில் பதினான்கு. சைகோன் பக்கம் ஐந்து. சொந்த மெட்ராஸ் மாகாணத்தில் வெறும் ஒரு கோடி. மலாயாவின் இருபத்தைந்து கோடியை ரூபாய்க்கு ரூபாய் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது மதிப்பீடு. அந்த வரிசையைப் பார்த்தாலே போதும், விரிகுடாவைச் சுற்றி வட்டமாகப் பணம் ஓடிய பாதை தெரியும். ஒரு மானியமும் இல்லாமல்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. நான் செட்டியார் வம்சமும் இல்லை, அவர்களுக்கு வக்காலத்து வாங்க வந்தவனும் இல்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் கிட்டங்கிப் படி ஏறும் தகுதியே கிடையாது. அடமானம் வைக்க என்ன இருந்தது நம்மிடம்? பால்வாளியா? தோட்டத்து ஆள் கடன் வாங்கியது கங்காணியிடம், கிராணியிடம், தோட்டத்துக் கடைக்காரரிடம், பின்னால் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம். செட்டியார் கடன் போய்ச் சேர்ந்தது சீனக் கடைக்காரருக்கும், சிறு நிலம் வைத்திருந்த மலாய்க்காரருக்கும், தமிழ் முஸ்லிம் வியாபாரிக்கும், சொந்தமாகக் கித்தா (ரப்பர்) போட்ட நம்மவர் சிலருக்கும். வட்டி சுளீர் என்றிருக்கும். பொருளாதார மந்தம் வந்தபோது நிலங்கள் அவர்கள் கைக்குப் போயின. கீழ் பர்மாவில் 1930இல் நெல்வயலில் ஆறு சதவீதம் வைத்திருந்தவர்கள் 1937இல் கால் பங்கு வைத்திருந்தார்கள். அதன் விலையை 1930களின் கலவரங்களிலும், 1942இல் கால்நடையாக ஓடியதிலும், அங்கே பிழைக்கப் போன சாதாரணத் தமிழனும் சேர்ந்து கொடுத்தான். இவை எதையும் மறைக்க வேண்டியதில்லை. கடுமையான கடன்காரன் என்பதும் பிராந்திய வியாபாரத்தைத் தாங்கியவன் என்பதும் ஒரே ஆளுக்குப் பொருந்தும். கட்டுரையாளர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை அழிக்கப் பார்க்கிறார்.

அரிசிக்கு வருகிறேன். "பேங்க் போட்ட சோறு" என்று எழுதினாரே, அந்தச் சோறு எங்கே விளைந்தது? மலாயா தோட்டங்கள் அரிசி விளைவிக்கவில்லை. சாப்பிட்டது பர்மா அரிசியும் சயாம் அரிசியும். ரெம்பியா பக்கத்துத் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர் தட்டில் விழுந்த ரங்கூன் அரிசி, ஐராவதி முகத்துவாரத்தில் ஒரு பர்மிய உழவர் நட்டது. அந்த உழவருக்கு விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் முன்பணம் கொடுத்தது செட்டியார் கடை. மேற்கத்திய பேங்க் எதுவும் அந்தச் சேற்றில் இறங்கவில்லை. நெல் ஆலைக்கு வந்து, அரிசியாகி, மூட்டையாகி, பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியின் பேரில் கப்பலேறிய பிறகு அந்த பில்லுக்கு பேங்க் பணம் கொடுத்தது. அதை நான் மறுக்கவில்லை. கப்பலில் ஏறிய அரிசிக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போன ரப்பருக்கும் எக்ஸ்சேஞ்ச் பேங்குகள் பயன்பட்டன. ஆபத்தில்லாத கடைசி முழத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மழை பொய்த்தால், விலை சரிந்தால் நஷ்டப்படுகிற முதல் முழங்களை மற்றவர்களுக்கு விட்டார்கள்.

செட்டியார்களுக்கும் அந்த பேங்குகள் கடன் கொடுத்தனவே என்று ஒரு கேள்வி எழும். கொடுத்தன. யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வைத்து, புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தன. அந்த ஆதரவு எந்த மாதிரி ஆதரவு என்பதை இலங்கை காட்டிவிட்டது. 1925இல் கொழும்பில் பெரிய செட்டியார் கடை ஒன்று முறிந்தது. உடனே பேங்குகள் எல்லாச் செட்டியார்களுக்கும் சேர்த்துக் கையை இழுத்துக்கொண்டன. முறியாதவனும் மூச்சுத் திணறினான். அவர்களிடம் கடன் வாங்கித் தொழில் செய்த இலங்கை வியாபாரிகளும் சேர்ந்து மாட்டினார்கள். அந்தக் காயத்தின் தொடர்ச்சியாகத்தான் 1934இல் பொச்கானாவாலா தலைமையில் பேங்க் விசாரணைக் கமிஷன் வந்தது, 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. பட்டயம் பெற்ற பேங்குகள் உள்ளூர் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று இலங்கைக்காரர்கள் நம்பியிருந்தால் அந்தக் கமிஷனுக்கே வேலை இருந்திருக்காது.

அரசு ஆதரவு மெய்யாகவே கிடைத்த இடம் ஒன்றையும் பார்த்துவிடலாம், நியாயம் வேண்டுமே. ஓரியண்டல் பேங்க் 1851இல் அரச பட்டயம் வாங்கியது. ஆசியாவின் பெரிய பேங்க் என்ற பெயர். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் பணத்தைக் கொட்டியிருந்தது. இலைநோய் வந்து காப்பி அழிந்தது. 1884 மே மாதம் பேங்க் கதவை மூடிக்கொண்டது. இலங்கையில் புழங்கிய அதன் நோட்டுகளுக்கு ஆளுநர் கார்டன் அரசு ஜாமீன் கொடுத்தார். கார்டன் செய்தது சரி. நோட்டு வைத்திருந்த ஏழை பிழைத்தான். கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது அடுத்த வரி: லாபம் லண்டன் பங்குதாரருக்கு, நஷ்டம் வந்ததும் இலங்கை அரசுக் கஜானாவுக்கு. இதை வியாபாரத்தை வளர்த்த கதை என்று சொல்ல முடியாது.

கட்டுரையில் ஜப்பானும் வருகிறது, முன்மாதிரியாக. யோக்கோஹாமா ஸ்பீஷி பேங்க், தைவான் பேங்க். இரண்டும் அரசு கைதூக்கிவிட்டவைதான். முதலாவது 1880இல் தொடங்கியபோது மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கு அரசுடையது. தைவான் பேங்க் 1899இல் பிறந்தது, தென்சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் ஜப்பான் வியாபாரத்தைப் பரப்ப வேண்டும் என்பதே அதற்கு இட்ட வேலை, சிங்கப்பூரிலும் கிளை போட்டது. அவர் வாதத்துக்குப் பொருத்தமான பேங்க் இதைவிட வேறில்லை. முடிவு? சுசுகி என்கிற ஒரே வியாபார நிறுவனத்துக்குக் கடனை அள்ளிக் கொடுத்து, 1927 ஏப்ரலில் கதவை மூடியது. டோக்கியோ அரசு வரிப்பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்தியது. பிறகு 1942இல் இந்த இரண்டு பேங்குகளும் ஜப்பான் படைக்குப் பின்னால் மலாயாவுக்குள் வந்தன. வாழைமரம் அச்சடித்த நோட்டு மூட்டை மூட்டையாகப் புழங்கியது. அந்த மூன்றரை வருடப் பிராந்திய வியாபாரம் எப்படி இருந்தது என்று தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த தலைமுறையிடம் கேட்டிருக்கலாம். தம்பின்–மலாக்கா தண்டவாளத்தையே பெயர்த்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ரயிலுக்கு ஆள் பிடித்தபோது தோட்டங்களில் இருந்துதான் பிடித்தார்கள். இதை முன்மாதிரி என்று எழுத அவருக்குக் கை வந்தது எப்படி?

மானியம் என்ற சொல்லை இவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறவர், மானியம் எந்தத் திசையில் ஓடியது என்று ஒருமுறையாவது பார்த்திருக்கலாம். நீரிணைக் குடியேற்ற அரசு 1899இல் நோட்டு வெளியிடத் தொடங்கியது. 1906இல் வெள்ளியின் மதிப்பை இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று கட்டினார்கள். இங்கே புழங்கும் ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடு வைத்தாக வேண்டும், அந்த ஈட்டில் பெரும்பங்கு லண்டன் சந்தைப் பத்திரங்களில் முடங்கியது. காலப்போக்கில் ஈடு நூற்றுக்கு நூறையும் தாண்டியது. சம்பளநாளில் தோட்டத்து ஆள் கையில் விழுந்த நோட்டு, அவர் அறியாமலே இங்கிலாந்துக்குக் கொடுத்த கடன். தபால் ஆபீஸ் சேமிப்பு பேங்க் சிங்கப்பூரில் 1877இல் தொடங்கியது. சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பணமும் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களுக்கே போனது. ரெம்பியாவில் கோழி வளர்த்துச் சேர்த்த காசு ரெம்பியாவில் இன்னொருவர் கடை வைக்கக் கடனாகத் திரும்பி வர வழியே இல்லை.

உள்ளூரில் அரசு கைதூக்கிவிட்டவர்கள் இல்லாமல் இல்லை. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1904இல் தோட்டத்துரைமாருக்கென்று அரசே ஒரு கடன் நிதி வைத்தது. 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தோட்டங்கள் தலைக்கு இவ்வளவு என்று கட்ட, அரசு அதை நிர்வகித்து, கப்பல் செலவு போட்டு நம் பாட்டன்மாரைக் கொண்டுவந்து இறக்கியது. தபால் ஒப்பந்தம் பெற்ற கப்பல் கம்பெனி ஏற்றி வந்தது. நிலம், ஆள், ரயில், கப்பல் எல்லாவற்றிலும் அரசின் கை இருந்தது, எல்லாம் தோட்ட முதலுக்காக. கட்டுரையாளர் அதை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் அந்தப் பெருமையைக் கொண்டுபோய், ஒன்றும் செய்யாத பேங்க் கவுண்டரில் வைத்தார்.

செட்டியார்கள் ஒழிந்தார்கள் என்று எழுதியது பாதி உண்மைகூட இல்லை. கடன்காரனைப் பிடிக்காத அரசு சட்டங்கள் போட்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913இல் வந்து 1933இல் இறுக்கப்பட்டது, நீரிணைக் குடியேற்றத்தில் 1935இல் வட்டித் தொழில் சட்டம் வந்தது. சிறு நிலக்காரனைக் காக்கும் அவசியம் இருந்தது, சரிதான். பழைய கடையை மூட வைத்தவர்கள், அதே சிறு நிலக்காரனுக்குக் கடன் கொடுக்கப் பட்டயப் பேங்குகளை அனுப்பினார்களா? சில கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, அவ்வளவுதான்.

அதற்குள் செட்டியார்கள் சும்மா இருக்கவில்லை. 1906இல் மெட்ராஸில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானவர்களைத் தெருவில் நிறுத்தியபோது, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் பணத்துடன் 1907இல் இந்தியன் பேங்க் தொடங்கினார். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்கை காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். பின்னாலேயே பினாங்கு. அந்நியச் செலாவணி செய்வதற்கென்றே பிறந்த பேங்க், இம்பீரியல் பேங்குக்கு மறுக்கப்பட்டிருந்த அதே வேலைக்கு. பிராந்திய வியாபாரத்துக்கு ஒரு பேங்க் என்று யாருக்காவது கொடி பிடிக்க வேண்டுமென்றால் இதற்குப் பிடிக்கலாம். கட்டுரையில் இதன் பெயர்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1969இல் இந்திய அரசு பதினான்கு பேங்குகளைத் தேசியமயமாக்கியது. இந்தியன் பேங்க், ஓவர்சீஸ் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் மூன்றும் அரசுச் சொத்தாயின. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான பேங்க் இங்கே தொழில் செய்யக் கூடாது என்பது அப்போதைய மலேசியச் சட்டம். விளைவாக 1973இல் மூன்றின் கிளைகளையும் சேர்த்து யுனைடெட் ஏசியன் பேங்க் என்று ஒன்றை ஆக்கினார்கள். பின்னால் அது பேங்க் ஆஃப் காமர்ஸுடன் கலந்தது. இன்றைய சி.ஐ.எம்.பி.யின் வம்சாவளியில் அதுவும் ஓர் ஓடை. பட்டணத்தில் அந்த பேங்கின் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கிற நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அரசு தன்னுடையதாக்கிக்கொண்டதால் சொந்த முகத்தோடு இங்கே இருக்கும் உரிமையை இழந்தது, யார் உதவியும் இல்லாமல் இங்கே வந்த பேங்க். அரசுக் கைதான் பிராந்திய வியாபாரத்தின் உயிர் என்கிறவர் இதை எந்தப் பெட்டியில் போடுவார்?

தோட்டத் தமிழனுக்கு பேங்க் என்ன செய்தது என்பதற்கு ஒரு கட்டத்தில் நேரடியான பரீட்சையே நடந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இங்கே நூறு வருடம் லாபம் பார்த்த பேங்குகள், தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிக்கொள்ளட்டும் என்று கடன் நீட்டினவா? 1960இல் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பிறகு தோட்டம் மேல் தோட்டம். பால்வாளி தூக்கியவர்கள் பங்குதாரர் ஆனார்கள். அந்தச் சங்கத்தின் பிற்கால நிர்வாகத்தைப் பற்றி நமக்குள் ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு நாளைக்கு. முதல் வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் சண்டைக்கு இடமில்லை.

கடைசியாக அவருடைய யோசனை. அதே அச்சில் ஒரு பேங்க் வேண்டும் என்கிறார். அந்த அச்சின் விதிகளை மேலே எழுதியிருக்கிறேன்: நிலத்தின் பேரில் கடன் இல்லை, சில மாதத்துக்கு மேல் தவணை இல்லை, இரண்டு தனித்தனிக் கையெழுத்து இல்லாமல் எதுவுமே இல்லை. கடல் தாண்டி ஒரு காசு அனுப்பவும் கூடாது. ரெம்பியாவில் லாரி வாங்கி ஓட்ட ஐந்து வருடக் கடன் தேடுகிற இளைஞன் இருக்கிறான். கல்யாணச் சமையலுக்குப் பாத்திரமும் வேனும் வாங்க நினைக்கிற அக்கா இருக்கிறார். வீட்டு கிராண்ட் பத்திரத்தைத் தவிர ஈடு காட்ட வேறொன்றும் இல்லாத முன்னாள் தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. மெட்ராஸிலிருந்து துணி இறக்குமதி செய்கிற கடைக்காரர் இருக்கிறார். இவர்களில் யாருக்கு அந்த பேங்க் கடன் கொடுக்கும், எந்த விதியின்கீழ் கொடுக்கும் என்று அடுத்த மலரில் ஐயா எழுதட்டும். படம் வேண்டாம்.